எடையே தெரியாத டென்ட்

விமான நிலையத்தில் நாலாம் நம்பர் கவுண்டரில் நிற்கிற அக்காவிடம் எடையில் தில்லுமுல்லு பண்ணிவிட்டுத் தப்பித்தவர் யாரும் கிடையாது. பத்தொன்பது வருஷமாகப் பெட்டிகளை எடை போட்டு, சீட்டு ஒட்டி, பெல்ட்டில் தள்ளுகிறாள். பெட்டி தரையில் உருண்டு வருகிற சத்தத்தை வைத்தே இருபதா இருபத்திரண்டா என்று சொல்லிவிடுவாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளை "நாலாம் நம்பர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டில் வேறு பெயர் உண்டு, ஆனால் அதைச் சொல்லி அழைக்க அவள் புருஷனுக்கு நேரம் இருந்ததில்லை.

மனிதர்கள் எடை விஷயத்தில் எவ்வளவு அற்பமாக நடந்துகொள்வார்கள் என்பது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. பெட்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்து, அடியில் கால் கட்டைவிரலைக் கொடுத்துத் தாங்குகிறவர்கள் உண்டு. கொளுத்துகிற வெயிலில் மூன்று கோட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க நிற்பார்கள். தடித்த புத்தகத்தைக் குழந்தையின் கையில் கொடுத்து, "பாப்பா படிச்சுக்கிட்டே வருவா" என்பார்கள். பாப்பாவுக்கு இரண்டு வயசுதான் இருக்கும்.

இதில் அவளுக்கு ஆகவே ஆகாத ஜாதி ஒன்று உண்டு. இருபத்தாறு கிலோப் பெட்டியை நடு ஹாலில் திறந்து, ஆறு கிலோவை அள்ளிப் பெண்டாட்டியின் தோள்பையில் திணித்துவிட்டு, "இப்ப சரியா இருக்குல்ல?" என்று மீசையைத் தடவுகிற ஜாதி.

"எடை எங்கயும் போகல சார். ஆள்தான் மாறியிருக்கு" என்பாள் நாலாம் நம்பர். அந்தப் பெண்கள் சிரிப்பார்கள். ஆண்களுக்கு அது மண்டையில் ஏறாது.

அப்படிப்பட்ட ஒருத்தரோடுதான் தானே குடித்தனம் நடத்துகிறோம் என்பது புரிய அவளுக்கு நாலு வருஷம் பிடித்தது. அந்த வெட்கம் அவளுக்கு இன்னும் போகவில்லை.

புருஷன் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவர். நாற்பத்திரண்டு வயசு வரை ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தித்தாளை விரித்து வைத்து நகம் வெட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தார். அலுவலகத்தில் எவனோ ஒருத்தன் அவரை ஒரு மலைக்குக் கூட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது ஆசை பிடித்துவிட்டது. மலையேறுகிற ஆசை வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவருக்கு வந்தது மலையேறுகிற சாமான்கள் மேல் ஆசை.

மகள் விடுதிக்குப் போனபின் காலியான பின்னறையை முதலில் பிடித்துக்கொண்டார். அப்புறம் சமையலறைத் தராசைப் பிடித்துக்கொண்டார். மாவு நிறுத்த தராசில் காலுறையை நிறுத்தார். துண்டை நனைத்து ஒரு தடவை, காயவைத்து ஒரு தடவை நிறுத்தார். பல் துலக்குகிற பிரஷ்ஷைப் பாதியாக அறுத்து, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் படாத பாடு பட்டார். சட்டை, பை, டென்ட் எல்லாவற்றிலும் இருந்த துணிச் சீட்டுகளைக் கத்தரித்து ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவையே நிறுத்து, "முப்பத்தொரு கிராம்!" என்று அடுப்படிக்கு ஓடி வந்தார். அன்றைக்கு அவர் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும், ஆளே நாலு அங்குலம் வளர்ந்திருந்தார்.

இந்தக் கிறுக்குக்கென்று ஒரு சங்கமும் இருந்தது. பளு குறைப்போர் சங்கம். ஐம்பது பேர், முக்கால்வாசிப் பேர் தொப்பையர்கள். தன் வயிற்றில் பன்னிரண்டு கிலோவைச் சும்மா தூக்கிக்கொண்டு அலைகிறவன், எட்டு டென்ட் முளையில் இரண்டைக் குறைத்தால் எத்தனை கிராம் மிச்சம் என்று மணிக்கணக்கில் பேசுவான். அந்தக் கூட்டத்தில் அவள் புருஷனுக்கு "இறகு சார்" என்று பட்டம் கிடைத்தது. போனில் யாராவது அப்படிக் கூப்பிட்டால், அவள் காதில் விழவேண்டும் என்பதற்காகவே ஸ்பீக்கரில் போடுவார்.

அவர் சாமான்களைச் சோதிக்கிற அழகே தனி. புது டென்ட் வந்தால் மொட்டை மாடியில் அடிப்பார். நோட்டுப் புத்தகத்தோடு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார். வெளியே நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியது அவள் வேலை.

"இன்னும் வேகமா ஊத்து! இது தூறல்!" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

"கீழ் வீட்டுக்காரர் கத்தறாருங்க."

"கத்தட்டும். தையல்ல ஒரு சொட்டு எறங்குதான்னு பாத்துட்டிருக்கேன். ஊத்து!"

பதினான்கு வாளி ஊற்றி அவள் தொப்பலாக நனைந்து நிற்பாள். அவர் ஈரம் படாமல் வெளியே வந்து, "பரவாயில்ல, பாஸ்" என்பார். டென்ட் பாஸ். சங்கத்தின் மாத இதழில் அதைப் பற்றி மூன்று பக்கம் எழுதுவார். அப்படி ஒரு தடவை எழுதின வரியை அவள் கவுண்டர் ஐந்தில் இருக்கிற தோழியிடம் படித்துக் காட்டினாள்: "இரண்டு நாள் ஏறி இறங்கினோம், இந்த டென்ட்டின் எடையே தெரியவில்லை."

"ஏன் தெரியல?" என்று கேட்டாள் தோழி.

"என் முதுகுல இருந்துச்சு" என்றாள் நாலாம் நம்பர்.

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வரிசையில் நின்ற பயணிகள் முறைத்தார்கள். சிரித்து முடித்தபின்தான் அவளுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. நாலு வருஷமாக அதுதான் நடந்துகொண்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் கூட்டிப் பார்த்தாள்.

சங்கத்தின் சட்டம் அப்படி. வருஷத்துக்கு ஒரு பெரிய நடை. மலையின் ஒரு பக்கம் ஏறி, மேலே ஒரு ராத்திரி தங்கி, மறுபக்கம் இறங்கி, ஆற்றோர மைதானத்தில் கூடி, அன்று ராத்திரியும் அங்கேயே டென்ட் அடித்துத் தங்குவார்கள். அங்கே ஒரு தராசு தொங்கும். கடைசியில்தான் எடை போடுவார்கள். எதெது இல்லாமல் வாழ்ந்து வந்தான் என்பதற்கு அதுதான் அத்தாட்சியாம். உடுத்தியிருப்பது எடையில் சேராது, குடிக்கிற தண்ணீர் சேராது. உறுப்பினரின் பையை மட்டும்தான் மாட்டுவார்கள். கூட வருகிற பெண்டாட்டி உறுப்பினர் இல்லை, அதனால் அவள் பையில் என்ன இருக்கிறது என்று எந்த நாயும் கேட்காது. டென்ட், அடுப்பு, கேஸ், பாத்திரம், இரண்டு நாள் சாப்பாடு, மருந்துப் பை எல்லாம் "பொதுச் சாமான்" என்று அவள் தலையில் கட்டப்பட்டன. முதல் தடவை, "ஒரு நிமிஷம் வெச்சுக்கோ, பேலன்ஸ் பண்ணிட்டு வாங்கிக்கறேன்" என்று கொடுத்தார். அந்த ஒரு நிமிஷம் நாலு வருஷமாக முடியவில்லை.

அதற்குள் அவளுடைய இடது முட்டி போய்விட்டது. கவுண்டரில் எட்டு மணி நேரம் நிற்கிற முட்டி வேறு. எலும்பு டாக்டர் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"ஆறு கிலோவுக்கு மேல தூக்காதீங்க. ஏறும்போதுகூட சமாளிச்சிடலாம். பாரத்தோட மலை எறங்குனீங்கன்னா அடுத்தது ஆபரேஷன்தான். மூணு மாசம் படுக்கணும்."

"மூணு மாசம் லீவு போட்டா என் கவுண்டர்ல வேற ஆள் நிப்பா டாக்டர். நான் ஒப்பந்த வேலை."

"அப்ப எறங்கும்போது தூக்காதீங்க. அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்."

அன்று சாயங்காலம் அவரிடம் நேரடியாகவே சொன்னாள். அவர் ஒரு மெத்தையை ஊதிக்கொண்டிருந்தார். முக்கால் நீள மெத்தை. காலுக்கு மெத்தை தேவையில்லை என்று அவர் கண்டுபிடித்திருந்தார்.

"முட்டி போனா என் வேலை போயிடுங்க. இந்தத் தடவ நான் வரல. நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

அவர் ஊதுவதை நிறுத்தினார். முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. அவள் இல்லாமல் போனால் பொதுச் சாமான் யார் பையில் ஏறும் என்ற கவலை அது. அப்போது அவளுக்கு அது தெரியவில்லை. தன் முட்டியை நினைத்துத்தான் கவலைப்படுகிறார் என்று நினைத்து, கொஞ்சம் இளகிவிட்டாள்.

"எனக்கு மூணு வாரம் டைம் குடு. இத நான் சரி பண்றேன்" என்றார்.

மூன்று வாரமும் பின்னறைக் கதவு சாத்தியே இருந்தது. போனில் யார் யாரிடமோ வாரின் அகலம், முதுகுச் சட்டத்தின் வளைவு என்று பேசினார். கடைசியில் ஒரு பெரிய பெட்டி வந்தது. உள்ளே பச்சை நிறத்தில் ஒரு பை, அவளுக்கு.

"உன் முட்டிப் பிரச்சனை தீந்துது. இந்தப் பை பாரத்தத் தோளுக்கும் குடுக்காது, முட்டிக்கும் குடுக்காது. எல்லாத்தையும் இடுப்புக்குக் குடுத்துடும். உலகத்துலயே இதுதான் பெஸ்ட்."

இடுப்பு எதன் மேல் நிற்கிறது என்று மூன்று வாரத்தில் ஒரு நாள்கூட அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. இந்த இனத்துக்கே அதுதான் வியாதி. எங்கே வலித்தாலும் கடைக்குப் போவார்கள். பெண்டாட்டி அழுதால்கூட, ஈரம் உறிஞ்சுகிற துணியில் எது எடை குறைவு என்று பார்ப்பார்கள்.

"எறங்கும்போது தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க" என்றாள் அவள், ஒவ்வொரு சொல்லாக.

அவர் யோசித்தார். யோசித்து, மனசைக் கல்லாக்கிக்கொண்டு, ஒரு பெரிய தியாகம் செய்கிற முகத்தோடு சொன்னார். "சரி. ஏறும்போது நீ. எறங்கும்போது எல்லாம் என் பையில. போதுமா? இந்த வருஷம் நாலு கிலோவுக்குக் கீழ வந்தா என்னைத் தேர்வுக் குழுவுல போடறதா செயலாளர் சொன்னாரு. சங்கம் எந்தச் சாமான் வாங்கணும்னு நான்தான் சொல்லுவேன். போனா போகட்டும். உன் முட்டிதான் முக்கியம்."

நாலு வருஷத்தில் அவர் அவளுக்காக விட்டுக்கொடுத்த முதல் விஷயம் அது. பத்தொன்பது வருஷமாக ஆயிரக்கணக்கான புருஷர்களைப் பார்த்துச் சலித்த பொம்பளை, அந்த ஒரு வார்த்தையில் விழுந்தாள். அவளை என்ன சொல்வது!

மலை ஏறினார்கள். பதினொரு கிலோ அவள் முதுகில். அவர் கையை வீசிக்கொண்டு முன்னால் போய், வளைவுகளில் நின்று, "பை எப்படி இருக்கு? இடுப்புல உக்காருதா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். மேலே போனதும் டென்ட் அடித்தது அவள், சூப் வைத்தது அவள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே போர்வை. தனித்தனியாக இரண்டு எடுத்தால் நானூறு கிராம் கூடுமாம். ராத்திரி முழுக்க அவர் அதைச் சுருட்டிக்கொண்டு புரண்டார். அவள் விறைத்துப்போய்க் கிடந்தாலும், நாளைக்கு இறங்கும்போது முதுகில் ஒன்றும் இருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

காலையில் டென்ட்டைச் சுருட்டினாள். பொதுச் சாமான் முழுவதையும் அவர் காலடியில் வரிசையாக வைத்தாள். டென்ட், அடுப்பு, கேஸ், பாத்திரம், மிச்சச் சாப்பாடு, மருந்துப் பை. தராசு இல்லாமலே தெரியும், ஏழு கிலோ.

அவர் அந்தக் குவியலைப் பார்த்த பார்வையில் உயிரே இல்லை. ஆனாலும் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டார். அவள் கண்ணாலேயே பார்த்தாள். மேல் வாரை இழுத்துக் கட்டினார், தோளில் மாட்டினார், கொஞ்சம் தள்ளாடினார்.

"கஷ்டமா இருக்காங்க?"

"இல்ல இல்ல. நீ மெதுவா முன்னால போ. நான் பின்னாலயே வரேன்."

அவள் குச்சியை ஊன்றிக்கொண்டு இறங்கினாள். சொந்தத் துணிமணி மூன்றரை கிலோ மட்டும். முட்டி முனகவில்லை. வழியில் ஒரு ஓடை குறுக்கிட்டது. செருப்பைக் கழற்றிக் காலை நனைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தாள். நாலு வருஷமாக இதே மாதிரி மலைகளில் நடந்திருக்கிறாள், மலை எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் பார்த்தாள். அந்த மனுஷனைப் பற்றித் தோழியிடம் சொல்லிச் சிரித்ததை நினைத்து வெட்கப்பட்டாள். தன்னையே திட்டிக்கொண்டாள்.

மைதானத்தில் தராசு ஒரு மரக்கிளையில் தொங்கியது. சங்கத்துக்காரர்கள் அதைச் சுற்றி நின்று, பிரசவ அறை வாசலில் நிற்கிறவர்களைப் போல நகம் கடித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து மணியோடு எடை முடியும். செயலாளர் அவளைப் பார்த்துக் கை ஆட்டினார். கழுத்தில் விசில் மாட்டிய ஒல்லி மனிதர்.

"இறகு சார் எங்கம்மா?"

"பின்னால வராரு. சார், ஒரு விஷயம்" என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். "இந்தத் தடவ அவர் எடை அதிகமா இருக்கும். எனக்கு முட்டி சரியில்லன்னு எல்லாத்தையும் அவரே தூக்கிட்டு வராரு. யாரும் அவரக் கேலி பண்ணாம பாத்துக்குங்க. மனசு கஷ்டப்படுவாரு."

செயலாளர் நெகிழ்ந்துபோனார். "அட, யாரு கேலி பண்ணப் போறா? நான் பாத்துக்கறேன்" என்றார்.

நாலே முக்காலுக்கு அவர் வந்தார். சந்தோஷமாக, கையை வீசிக்கொண்டு வந்தார். அந்த நடையைப் பார்த்ததுமே நாலாம் நம்பர் அவர் பையைப் பார்த்தாள். பையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். தராசு முள் ஆடி நின்றது.

"மூணு கிலோ எண்ணூத்தி அறுபது!" என்று கத்தினார் எடை பார்த்தவர்.

கைதட்டல் காதைப் பிளந்தது. "டென்ட்டே இல்லாம படுத்திருக்காருடா!" என்று ஒருத்தன் வாயைப் பிளந்தான். ஒருத்தன் ஓடி வந்து கட்டிக்கொண்டான். செயலாளர் மட்டும் கைதட்டவில்லை. அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பரிதாபத்தை அவளால் தாங்க முடியவில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது.

கூட்டம் விலகியதும் அவரிடம் போனாள்.

"டென்ட் எங்கங்க?"

"பத்திரமா இருக்கு, பயப்படாத" என்றார். முகமெல்லாம் பல். "ஒரு பாறைக்கு அடியில எல்லாத்தையும் வெச்சு, மேல கிளையப் போட்டு மூடியிருக்கேன். அடுப்பு, சாப்பாடு எல்லாம் அங்கதான். எடை முடிஞ்சிடுச்சில்ல? இப்ப நாம போய் எடுத்துட்டு வந்துடலாம்."

"நாம."

"ஒரு மணி நேரம் ஏறினா போதும். உன் பையக் காலி பண்ணி எடுத்துக்கோ. என் பையில அதெல்லாம் அடங்காது, காலைல திணிச்சதுலயே தையல் இழுக்குது. உன் பைதான் அதுக்கு வசதி."

அவள் அவரை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை பார்த்தாள். கோபம்கூட வரவில்லை. கோபத்தை வாங்கிக்கொள்வதற்கும் ஒரு தகுதி வேண்டும். ஐம்பது பேர் நடுவில் மாலை போட்ட மாதிரி நின்ற அந்த ஆளிடம் அது இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை. முட்டியைவிட அதிகமாக வலித்தது, காலையில் ஓடைக்கரையில் தான் வெட்கப்பட்டதுதான். அந்த வெட்கத்தை அவளால் திரும்ப வாங்க முடியாது.

ராத்திரி தங்காதவர்களை ஊருக்குக் கூட்டிப்போக ஒரு வேன் நின்றிருந்தது. அவள் நேராக அதை நோக்கி நடந்தாள்.

"ஏய், எங்க போற?" அவர் பின்னாலேயே வந்தார். "இருட்டறதுக்குள்ள போயிட்டு வந்துடணும். கேக்குதா?"

ஓட்டுநர் பின் கதவைத் திறந்து வைத்திருந்தார். "சாமான் வேற ஏதாவது வருதாம்மா?" என்று கேட்டார்.

"இவ்வளவுதான்" என்று பச்சைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். மேற்கே மேகம் கறுத்து, முதல் துளி அவர் நெற்றியில் விழுந்தது. அப்போதுதான் அந்த முகத்தில் சந்தோஷம் வடிந்தது.

"மழை வருது. ராத்திரி நான் என்ன சாப்பிடறது? எங்க படுக்கறது?"

"உங்க பையில என்ன இருக்குன்னு பாருங்க" என்றாள் நாலாம் நம்பர்.

வேன் கிளம்பியது. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அவள் இடது காலைத் தூக்கி அதன் மேல் நீட்டி வைத்துக்கொண்டாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவளுக்கு டூட்டி.